மூன்றாவது கொக்கி

பாய்லர் பட்டறையின் சாம்பலைக் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடத்தைத்தான் அந்தக் காலத்துத் தொழிலாளிகள் சமப்படுத்தி மைதானமாக்கினார்கள். புல் பிறகு வந்தது. ஸ்டாண்டு அதற்கும் பிறகு. முதலில் சாம்பல்தான். விழுந்தால் முட்டி கிழியும். கிழிந்த இடத்தில் கரித்தூள் போய், மேலே தோல் மூடி, சாகிறவரைக்கும் கறுப்பாக நிற்கும். எங்கள் லைன் வீடுகளில் எவனாவது நானும் கிளப்புக்கு ஆடினவன்தான் என்று பீற்றிக்கொண்டால், "எங்கே, பேண்ட்டைத் தூக்கிக் காட்டு" என்பார்கள்.

பட்டறைக் கால்பந்து கிளப் கோப்பை ஜெயித்தது ஒரே ஒரு தடவை. அந்தக் கோப்பையைத் தள்ளுவண்டியில் வைத்து ஒவ்வொரு உலையாகக் கொண்டுபோய்க் காட்டினார்களாம். அந்தப் படம் ஆபீசில் மாட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நடுவில் கிடந்தோம், கீழே கிடந்தோம், மூச்சுத் திணறித் தப்பித்தோம். ஆனால் முதல் டிவிஷனுக்கு ஏறின நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கீழே இறங்கினதில்லை. பட்டறையை மூடினார்கள், கிளப்பை டைல்ஸ் முதலாளி ஒருத்தர் வாங்கினார், சின்னத்தில் இருந்த பாய்லரை எடுத்துவிட்டுச் சிங்கத்தைப் போட்டார்கள். சிங்கத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. டிவிஷன் மாறாமல் இருந்தால் போதும் என்று இருந்தோம்.

என் பக்கத்து வீட்டு அண்ணனைப் பலகை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பட்டறையில் வெல்டராக இருந்தவர். மைதானத்தில் ரயில் பாதைப் பக்கமாக நிற்கிற ஸ்கோர் பலகையை அவர்தான் பார்த்துக்கொண்டார். இரும்புச் சட்டம், பின்னால் ஏணி, நிற்பதற்கு ஒரு மரப்பலகை. தகரத்தில் வெட்டிப் பெயிண்ட் அடித்த நம்பர்கள். மூன்று கொக்கி. ஒன்றில் நம்முடைய கோல், ஒன்றில் எதிராளியின் கோல். மூன்றாவது கொக்கி வேறு எந்த மைதானத்திலும் கிடையாது. இந்த நிமிஷத்தோடு எல்லா ஊர் ஆட்டமும் முடிந்துபோனால் லீக்கில் நாம் எத்தனையாவது இடம் என்பதை அதில் மாட்டுவார்கள்.

ஷிப்டு மாறுகிறவர்களுக்காக வந்த வழக்கம் அது. நின்று ஆட்டம் பார்க்க நேரம் இல்லாதவன் மதிலுக்கு வெளியே சைக்கிளை மெதுவாக்கி, மூன்றாவது நம்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உலைக்குப் போவான். ஷிப்டு போன பிறகும் நம்பர் போகவில்லை. அண்ணன் காதில் ரேடியோவைச் சொருகிக்கொண்டு, மற்ற ஊர் ஆட்டங்களைக் கேட்டு, மனசிலேயே கூட்டிக் கழித்து மாட்டுவார். நான் கீழே நின்று தகடு எடுத்துக் கொடுப்பேன். குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவனுக்கு டிக்கெட் இல்லாமல் ஆட்டம் பார்க்க அது ஒரு வழி.

அவருடைய மகன் கிளப்பின் லெஃப்ட் பேக், இடது பக்கம் தடுத்து ஆடுகிறவன். இடது காலில் மட்டுமே உருப்படியாக உதைப்பான் என்பதால் தெருவில் அவனுக்கு லெஃப்ட்டு என்று பேர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு தடவை முட்டியைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. வேறு கிளப் எதுவும் அவனைக் கேட்டு வரப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டிக்கும் தெரியும். அவன் அம்மா, எங்கள் அண்ணி, அவளுக்குக் கிளப்பின் துணி வெளுக்கிற அறையில் வேலை. டீம் முழுக்க ஆடிவிட்டு வந்த ஜெர்ஸியை ஊறவைத்து, காலரைத் தனியாக பிரஷ் போட்டுத் தேய்த்து, மெஷினில் போடுவாள். "என் புருஷன் நம்பர் போடறாரு, என் மகன் அழுக்குப் பண்றான், நான் துவைக்கிறேன். முதலாளிக்கு நாங்க மூணு பேரு போதும்" என்பாள்.

கடைசி ஆட்டத்துக்கு வரும்போது நாங்களும் துறைமுக ஊர்க்காரர்களும் ஒரே புள்ளியில் இருந்தோம். பதினெட்டு டீமில் கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டும். அதில் ஒருத்தன் யார் என்பது முன்னமே முடிவாகிவிட்டது. இன்னொருத்தன் நாங்களா அவர்களா என்பதுதான் பாக்கி. அவர்கள் அதே நேரத்தில் வேறொரு ஊரில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் காற்று சரியான காற்று. தகடுகள் சட்டத்தில் மோதி மோதிச் சத்தம் போட்டன. நாங்கள் ஒரு கோல் வாங்கி, ஒரு கோல் திருப்பிப் போட்டிருந்தோம். ஆட்டம் முடியப்போகிற நேரம். அண்ணன் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காதை அமுக்கிக்கொண்டு நின்றார்.

"அங்கேயும் ட்ரா. ஒண்ணும் நடக்கல" என்றார்.

"அப்ப என்னண்ணே கணக்கு?"

"புள்ளி சமம். கோல் வித்தியாசத்துல நாம மேல. பதினாறை எடு."

நான் பதினாறை எடுத்துக் கொடுத்தேன். பதினாறு என்றால் பிழைத்தோம். அவர் மாட்டினதும் ஸ்டாண்டிலிருந்து எழுந்த சத்தத்தில் ஏணி அதிர்ந்தது. பெஞ்சில் இருந்த கோச் திரும்பிப் பலகையைப் பார்த்தார். கையை இரண்டு பக்கமும் விரித்து, மெதுவா, மெதுவா என்று சைகை செய்தார். அதுவரைக்கும் முன்னால் போய் மோதிக்கொண்டிருந்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

அப்போது பந்து லெஃப்ட்டு காலில் இருந்தது. முன்னால் காலி இடம். கோல் பக்கம் இரண்டு பேர் கையைத் தூக்கிக் கேட்கிறார்கள். அவன் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தான். அப்பா போட்ட நம்பரைப் பார்த்தான். நேரத்தைக் கடத்த, பந்தை மூலைக் கொடிக்கு ஓட்டிக்கொண்டு போய், எதிராளிக்கு முதுகைக் காட்டி, குனிந்து, காலுக்குள் வைத்துக்கொண்டு நின்றான். எதிராளி இடித்தான், சட்டையைப் பிடித்து இழுத்தான். இவன் அசையவில்லை. ஜனம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

விசில் ஊதினார்கள். எங்கள் பையன்கள் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்தார்கள். அண்ணன் மேலே நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஆபீஸ் பக்கத்து மாடத்தில் ஒருத்தர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, எங்கள் பக்கம் வரைக்கும் வந்து, மைதானம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. தகடு மோதுகிற சத்தம் மட்டும்தான். ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அந்த வருஷம் லீக்காரர்கள் விதியை மாற்றியிருந்தார்கள். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பிறகுதான். அந்த இரண்டு டீமும் தங்களுக்குள் ஆடின ஆட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் ஊரில் அவர்கள் எங்களை ஜெயித்திருந்தார்கள். எங்கள் ஊரில் ட்ரா. அவ்வளவுதான். அவர்கள் பதினாறு, நாங்கள் பதினேழு.

சீசன் தொடங்கும்போது கிளப்பில் கூட்டம் போட்டு இந்த விதியைச் சொன்னார்கள். கோச் இருந்தார், அவருடைய ஆட்கள் இருந்தார்கள், ஆபீஸ்காரர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டது அண்ணன்தான். போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். பலகைக்காரனுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு மூன்றாவது கொக்கியைப் பார்த்ததும் தெரிந்ததை மறந்துபோனார்கள். பழக்கம் அப்படி.

அடுத்த நாளே வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. கதவில் யாரோ பதினாறு என்று தாரால் எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். தார் போய், மரம் வெளுத்து, நம்பர் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. அண்ணன் வெளியே வரவில்லை. நான் ஷெட்டிலிருந்து வரும்போது கொஞ்சம் ரொட்டியும் வெங்காயமும் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்காருவேன். சுவரைப் பார்த்து அவர் உதடு அசையும். கணக்குப் போடுகிறார் என்று நினைக்கிறேன்.

ஊரில் கோச்சைத் திட்டினார்கள், முதலாளியைத் திட்டினார்கள், அதைவிட அதிகமாகப் பலகையைத் திட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் கிளப் செயலாளர் வந்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார், அதனால் அவருக்குக் கோட்டு என்றே பேர். வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் எழுந்திருக்கப் போனேன்.

"நீ இருப்பா. ரகசியம் ஒண்ணும் இல்ல" என்றார் கோட்டு. "பலகையண்ணே, உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

"யாரும் உங்களைக் குத்தம் சொல்லல. முதல்ல அதை மனசுல வச்சுக்குங்க."

அண்ணி அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள்: "கல்லு மேல பேரு எழுதல சார். அதனால யாரு சொல்றாங்க, யாரு சொல்லலன்னு எங்களுக்குத் தெரியல."

கோட்டு அதைக் காதில் வாங்காதவர் மாதிரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சனிக்கிழமை ரசிகர்களைக் கூப்பிட்டுப் பேசறோம். ஸ்டாண்டுக்கு அடியில இருக்கிற பெரிய ஹால்ல. கோச்சை மாத்து, முதலாளி போன்னு கத்துவாங்க. கிளப்பே உடைஞ்சு போயிடும் அண்ணே. அப்ப நீங்க எழுந்து ரெண்டே வார்த்தை சொன்னீங்கன்னா போதும். என் தப்பு, மன்னிச்சுக்குங்க. உங்க மேல அவங்களுக்கு மரியாதை இருக்கு. அடங்கிடுவாங்க."

அண்ணன் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். "தப்பு என்னுதுதான் சார். நம்பரு நான்தான் மாட்டினேன். ஆனா எனக்கு யாரும் சொல்லலங்கறதையும் சேத்துச் சொல்லலாமா?"

"அது எதுக்கு அண்ணே இப்ப?"

"கோச்சுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதையும் சொல்லலாமா?"

"முதல்ல சொன்னது போதும்" என்றார் கோட்டு. எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "லெஃப்ட்டு நல்ல பையன். முட்டிதான் கொஞ்சம். கீழ் டிவிஷன்ல ஆடறதுக்கு அனுபவம் இருக்கிறவன் வேணும்னு நான் முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கறேன். சனிக்கிழமை நல்லபடியா முடியட்டும்."

அவர் போன பிறகு வீட்டில் யாரும் விளக்குப் போடவில்லை. பொழுது சாயச் சாய முகம் மறைந்து குரல் மட்டும் மிஞ்சியது. லெஃப்ட்டும் மருமகளும் தங்கள் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், சுற்றிவளைக்கத் தெரியாது.

"மாமா, ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டா என்ன?"

"ஒரு வார்த்தைதான்மா. அதை ஏன் கோச்சு சொல்லக் கூடாது?"

"அவரு போயிடுவாரு மாமா. வேற ஊரு, வேற டீமு. நாங்க எங்க போறது? இவரு முட்டிய எவன் வாங்குவான்?"

"முட்டிய ஏன்டி இழுக்கற?" என்றான் லெஃப்ட்டு.

"நான் இழுக்கலைன்னாலும் அது உன்கூட வராது. படி ஏறும்போது பாக்கறேனே."

அண்ணி சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே குரல் உடைந்தது. "சொல்லிட்டு வாங்களேன். வாய் என்ன தேஞ்சா போயிடும்? இவ்வளவு வருஷம் இந்த டீமோட அழுக்கை நான் துவைக்கலையா? ஒருநாள் நீங்க துவைங்க."

"அழுக்கு என்னுதுன்னா துவைப்பேன்" என்றார் அண்ணன். "எல்லாரோடதையும் என் தலையில கொட்டிட்டு, இந்தாளு எப்பவுமே இப்படித்தான் அழுக்குன்னு சொல்லச் சொல்றானுங்க." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. நீ என்ன நினைக்கிற?"

லெஃப்ட்டு முட்டியை நீட்டி மடக்கினான். அந்த இருட்டில் அது சொடுக்கின சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"பந்து உன் காலுல இருந்தப்ப முன்னால இடம் இருந்துச்சு" என்றார் அண்ணன்.

"இருந்துச்சு."

"போட்டிருந்தா கோலு விழுந்திருக்குமா?"

"தெரியலப்பா. விழுந்திருக்கலாம்."

"ஏன் போடல?"

"பதினாறுன்னு இருந்துச்சே."

அண்ணன் எழுந்து அவரே விளக்கைப் போட்டார்.

சனிக்கிழமை காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் சாயங்காலம்தானே என்று கேட்டேன். "ஆபீஸ் வரைக்கும்" என்றார். வரும்போது முகம் தெளிவாக இருந்தது. அண்ணியிடம் இரண்டு முட்டை பொரிக்கச் சொல்லி, தட்டை வழித்துச் சாப்பிட்டார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். "சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னார். அண்ணி அவர் தோளைத் தொட்டுவிட்டு, கையை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டாள். மகனுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று கேட்டதற்கு, "அவன் டீமோட வருவான். அங்கேயே கேட்டுக்கட்டும்" என்றார்.

ஹாலில் காற்றே இல்லை. வியர்வையும் ஈரச் சட்டையும் சேர்ந்த வாடை. மேடையில் கோட்டு, கோச், முதலாளியின் மருமகன். பக்கத்தில் பெஞ்சு போட்டு டீம் ஆட்கள். லெஃப்ட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எங்கள் லைன் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

கோச் ஏதோ பேச ஆரம்பித்தார், கத்தி உட்கார வைத்தார்கள். மருமகன் எழுந்தார், அவரையும். "பாய்லரை எடுத்துட்டுச் சிங்கம் போட்டீங்களே, சிங்கம் எங்கடா இப்ப?" என்று ஒருத்தன் கத்த, "கீழ் டிவிஷனுக்கு லாரி ஏறிடுச்சு" என்று இன்னொருத்தன் பதில் சொல்ல, ஒரு நொடி எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு நாற்காலி பறந்தது. கோட்டு அண்ணனைப் பார்த்துக் கையசைத்தார்.

அண்ணன் எழுந்தார். ஜனம் வழிவிட்டது. வழியிலேயே ஒருத்தன், "வந்துட்டாருடா பதினாறு" என்றான். அண்ணன் மேடைப் படி வரைக்கும் போய், முதல் படியில் காலை வைத்து நின்றார். சத்தம் அடங்கட்டும் என்று நின்றார். எனக்குத் தெரியும், நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். கோட்டுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும். ஆள் பின்வாங்குகிறான் என்று பயந்திருக்கலாம். இல்லை, இதற்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ. அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பித் தலையாட்டினார். லெஃப்ட்டு எழுந்து மைக்கை வாங்கினான்.

"எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்றான். ஹால் அடங்கியது. "அன்னிக்கு நான் பந்தை மூலைக்குக் கொண்டுபோனேன். ஏன்னா அந்த நம்பரை நம்பினேன். அதைப் போட்டது எங்கப்பா. அவருக்குப் புது விதி தெரியாது. தெரிஞ்சுக்கவும் இல்ல. வயசாயிடுச்சு. கோச் மேல தப்பு இல்ல, கிளப் மேல தப்பு இல்ல. தப்பு எங்க வீட்டுது. அவரு இனிமே அந்த ஏணில ஏறமாட்டாரு. எங்க அப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அண்ணன் ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக நின்றுகொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சொல்ல வந்ததைச் சொல்வதற்கு வைத்திருந்த வாய்.

முதலில் ஒருத்தன் கைதட்டினான். அப்புறம் எல்லோரும். "ஆம்பளடா" என்றான் ஒருத்தன். "பெத்த அப்பனையே விட்டுக் கொடுக்காம உண்மையைச் சொன்னான் பாரு" என்று இன்னொருத்தன் சொன்னான். அதில் என்ன அர்த்தம் என்று அவனே யோசித்திருக்கமாட்டான். கோட்டு லெஃப்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோச் கண்ணைத் துடைத்தார். நாற்காலி எறிந்தவன் அந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

நாங்கள் வெளியே வரும்போது யாரும் அண்ணனைத் திட்டவில்லை. அதுதான் மோசம். "பரவால்ல பெரியவரே, போங்க" என்று முதுகில் தட்டினார்கள். அதுவரைக்கும் ஒருத்தனும் அவரைப் பெரியவரே என்று கூப்பிட்டதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஏறவில்லை. மதிலோரமாக வரும்போது தலையைத் தூக்கவும் இல்லை.

வீட்டில் அண்ணிக்கு விஷயம் முன்னமே வந்து சேர்ந்திருந்தது. உருளைக்கிழங்கை வேகவைத்து, உப்பும் மிளகும் போட்டுத் தட்டில் வைத்தாள். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நாங்கள் பாதி சாப்பிடும்போது லெஃப்ட்டு வந்தான். பின்னால் மருமகள். அவன் கிளப் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தான். சிங்கம் போட்ட சட்டை.

வாசலிலேயே நின்றான். "அப்பா" என்றான்.

"வா. உக்காரு."

"நீங்க சொல்லமாட்டீங்கன்னு கோட்டு சொன்னாரு. இன்னிக்கு மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னாரு. உங்கப்பா மனசு மாறமாட்டாரு, நீ சொன்னாத்தான் உண்டுன்னு. எனக்கு வேற வழி தெரியலப்பா."

"மத்தியானமா?"

"ஆமா."

அண்ணன் கிழங்கை உடைத்து வாயில் போட்டு மென்றார். மருமகள் உள்ளே வந்து அண்ணி பக்கத்தில் நின்றாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கினான்?" என்றார் அண்ணன்.

"ஒரு வருஷம்."

"ஒண்ணுதானா?"

"அதுக்கு மேல முடியாதுன்னு சொல்லிட்டாரு."

அண்ணன் தண்ணீர் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். கோபமே இல்லாமல், கடையில் ஏமாந்து வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

"காலையில நான் ஆபீசுக்குப் போய் அவன்கிட்ட பேசிட்டு வந்தேன்டா. அவன் கேட்டபடியே சொல்றேன், என் மகனுக்கு ரெண்டு வருஷம் எழுதுன்னேன். சரின்னு கையடிச்சுக் கொடுத்தான். உனக்குச் சொல்லலை. நீ தலை நிமிந்து போகட்டும்னு சொல்லலை." தட்டில் மிச்சம் இருந்ததை ஓரத்துக்கு ஒதுக்கினார். "அவன் கேட்டதை ஒண்ணுக்கே நீ கொடுத்துட்ட. அப்புறம் அவன் எதுக்கு ரெண்டு கொடுப்பான்?"

லெஃப்ட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அண்ணி அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். அவன் வரவில்லை. அது ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மருமகளைப் பார்த்து, "நீயாவது சாப்பிடும்மா" என்றார்.